கிட் ரெப்போல லாக் ஃபைல் மாட்டிக்கிச்சா? டெலீட் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

கிட்னா கோடுல யார் எப்போ என்ன மாத்தினாங்கன்னு பதிஞ்சு வைக்கிற டூல், அது பாத்துக்கிற ஃபோல்டர்தான் ரெப்போ. இண்டெக்ஸ்.லாக் ஃபைலை உருவாக்க முடியல, அந்த ஃபைல் ஏற்கனவே இருக்குன்னு கிட் ஒரு எரர் காட்டும் பாருங்க, அதைப் பாத்ததும் நம்ம கை தானா போறது ஃபைலை அழிக்கிற ஆர்எம் கமாண்டுக்குத்தான். தேடினா முதல்ல கிடைக்கிற பதிலும் அதுதான், லாக் ஃபைலை டெலீட் பண்ணுங்க சரியாயிடும்னு. சொந்த லேப்டாப்ல நீங்க ஒருத்தரே வேலை பாக்குற ரெப்போன்னா பெரும்பாலும் சரியாவும் ஆயிடும். ஆனா நாலு பேர் லாகின் பண்ற சர்வர்ல அந்த ஒரு வரியால அடுத்தவங்க வேலை காணாமப் போகும். எங்களுக்கு அப்படித்தான் போச்சு, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

அப்போ நான் வேலை பாத்த இடத்துல ஒரு ஸ்டேஜிங் சர்வர், அதுல ஒரே ஃபோல்டர், டெப்ளாய்னு ஒரே யூசர், அஞ்சு பேரும் எஸ்எஸ்ஹெச் வழியா உள்ள போய் அங்கேயே எடிட் பண்ணி அங்கேயே கமிட் போடுவோம், அதாவது மாத்தினதை ஹிஸ்டரில பதிவோம். ஒருநாள் மத்தியானம் ஒரு கான்ஃபிக் ஃபைலை மாத்திட்டு, அதை இண்டெக்ஸ்ல (அடுத்த கமிட்ல என்ன போகணும்னு கிட் வச்சிருக்கிற பட்டியல்) சேக்க கிட் ஆட் போட்டா லாக் எரர். ஃபைல் நாப்பது நிமிஷம் பழசு. எல்எஸ்ஓஎஃப் போட்டுப் பாத்தேன், யாரும் ஓபன் பண்ணி வைக்கல. செத்துப்போன லாக்னு முடிவு பண்ணி அழிச்சுட்டு, ஆட் பண்ணிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு கமிட் போட்டு புஷ்ஷும் பண்ணிட்டேன். நடந்தது என்னன்னா, டீம்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு "கிட் கமிட் -ஏ" அடிச்சு (மாத்தின ஃபைல் எல்லாத்தையும் சேத்து கமிட் பண்றது), மெசேஜ் எழுத விம் எடிட்டர் திறந்து நிக்கிற நிலைமையில சாப்பிடப் போயிருந்தாங்க. நான் ஆட் பண்ணதுக்கும் கமிட் பண்ணதுக்கும் நடுவுல திரும்பி வந்து மெசேஜ் எழுதி சேவ் பண்ணிருக்காங்க. கமிட் விழுந்துடுச்சு, கூடவே ரெப்போ அப்டேட் ஆயிடுச்சு ஆனா புது இண்டெக்ஸை எழுத முடியல, டிஸ்க் ஃபுல்லான்னு பாருங்கன்னு ஒரு மெசேஜ் வந்திருக்கு. டிஸ்க்ல இடம் நிறைய இருந்ததால அவங்க அதைப் பெருசா எடுத்துக்கல. அடுத்து நான் போட்ட கமிட், அவங்க மாத்தின ஏழு ஃபைலையும் பழையபடி திருப்பிடுச்சு. ஸ்டேஜிங் டிஸ்க்ல ஃபைல் எல்லாம் புதுசாவே கிடந்ததால சைட் ஒழுங்கா ஓடுச்சு, ஒருத்தருக்கும் தெரியல. மறுநாள் புரொடக்ஷன்ல புல் பண்ணப்பதான் சரிபண்ணின பிழை எல்லாம் திரும்பி வந்து நின்னுச்சு. "அண்ணா, என் கமிட் ஹிஸ்டரில இருக்கு, ஆனா மாத்தினது எதுவும் இல்லையே"ன்னு அவங்க கேட்டப்ப, என்ன ஆச்சுன்னு புரிஞ்சு சொல்றதுக்கு எனக்கு அரை நாள் ஆச்சு.

கமாண்டுகளை எல்லாம் உச்சரிப்புப்படி தமிழ்லயே எழுதிருக்கேன், டைப் பண்றப்ப வழக்கம்போல அடிச்சுக்கோங்க.

லாக் ஃபைல்னா உண்மையில என்ன

நிறைய பேர் இதை கதவுல தொங்குற பூட்டு மாதிரி நெனைக்கிறாங்க, உள்ள ஒண்ணும் இல்லாத வெறும் அடையாளம்னு. கிட்ல அப்படி இல்ல. கிட் ஒரு ஃபைலை மாத்தணும்னா, உதாரணத்துக்கு இண்டெக்ஸை, அதே பேரோட .லாக் சேத்து ஒரு புது ஃபைலை உருவாக்கும், ஏற்கனவே இருந்தா ஃபெயில் ஆயிடுங்கிற நிபந்தனையோட. அப்படி உருவாக்க முடிஞ்சா லாக் நமக்கு. புது இண்டெக்ஸ் முழுசையும் அந்த லாக் ஃபைலுக்குள்ளயே எழுதும். எழுதி முடிச்சதும் இண்டெக்ஸ்.லாக்கை இண்டெக்ஸ்னு ரீநேம் பண்ணும். அவ்ளோதான். அதாவது லாக் ஃபைல்ங்கிறது அடுத்து வரப்போற இண்டெக்ஸேதான், யாரோ ஒருத்தர் பாதியில எழுதிட்டு இருக்கிறது.

இதுலேர்ந்து ரெண்டு ஆபத்து வருது. ஒண்ணு எங்களுக்கு நடந்தது: அவங்களோட புது இண்டெக்ஸை நான் அழிச்சுட்டேன், பழைய இண்டெக்ஸ் அப்படியே இருந்துச்சு, அதுலேர்ந்து கமிட் போட்டதால அவங்க மாற்றம் எல்லாம் திரும்பிப் போச்சு. இன்னொண்ணு இதைவிட மோசம். நீங்க ஒருத்தரோட லாக்கை அழிச்ச உடனே மூணாவது ஆள் அதே பேர்ல புதுசா ஒரு லாக் உருவாக்கி எழுத ஆரம்பிக்கலாம், முதல் ஆள் தன் வேலையை முடிச்சு ரீநேம் பண்றப்ப பேரை வச்சுத்தான் பண்ணுவாரு, அப்போ மூணாவது ஆளோட பாதி எழுதின ஃபைல் நிஜ இண்டெக்ஸா போய் உக்காந்துடும்.

லாக் ஏன் தங்கிப்போகுதுன்னா, கன்ட்ரோல்-சி அடிச்சாலோ, எஸ்எஸ்ஹெச் கட்டானாலோ, சாதாரண கில் கொடுத்தாலோ கிட் அந்த சிக்னலைப் பிடிச்சு தன் லாக்கை தானே அழிச்சுட்டுத்தான் போகும். கில் -9, மெமரி தீர்ந்து கெர்னல் அந்த பிராசஸைக் கொல்றது, கரண்ட் போறது, சிஐ (கோடைத் தானா டெஸ்ட் பண்ற சிஸ்டம்) டைம்அவுட் ஆகி கன்டெய்னரை அப்படியே சாகடிக்கிறது, இதுல மட்டும்தான் அழிக்க நேரமே கிடைக்காது. அதனால ஒரு லாக் உண்மையிலேயே செத்ததுன்னா அது பக்கத்துல இப்படி ஏதாவது ஒரு சம்பவம் நடந்திருக்கணும். அப்படி எதுவும் நடக்கலைன்னா, லாக்குக்கு சொந்தக்காரர் உயிரோட இருக்கார்னு சந்தேகப்படுங்க.

முதல் படி: எரரை முழுசா படிங்க

லாக்னு வார்த்தை வந்தாலே எல்லாம் செத்த லாக் இல்ல. ஃபைல் ஏற்கனவே இருக்குன்னு வந்தாதான் அது லாக் ஃபைல் பிரச்சனை. அனுமதி இல்லைன்னு வந்தா அது பர்மிஷன், அங்க அழிக்கிறதுக்கு எந்த ஃபைலுமே இருக்காது, ரெப்போவை குரூப் ஷேர் இல்லாம உருவாக்கிருப்பாங்க, அதைக் கடைசில சொல்றேன். டிஸ்க்ல இடம் இல்லைன்னு வந்தா டிஸ்க்கைப் பாருங்க.

இன்னும் ரெண்டு வகை நிறைய பேரைக் குழப்புது. ரெஃபை (பிராஞ்ச் எந்த கமிட்ல நிக்குதுன்னு குறிச்சு வச்சது) லாக் பண்ண முடியல, ஒரு ஹாஷ்ல (கமிட்டோட ஐடி) இருக்கு ஆனா வேற ஹாஷ் எதிர்பாத்தேன்னு வந்தா, நீங்க புஷ் பண்ற அதே நேரத்துல வேற யாரோ அதே பிராஞ்சை நகத்திட்டாங்க, ஃபெட்ச் பண்ணிட்டு மறுபடி பண்ணா போதும். ரெஃபை லாக் பண்ண முடியல, ஏன்னா ஃபீச்சர்னு ஒரு பிராஞ்ச் இருக்கு அதனால ஃபீச்சர்/லாகின் உருவாக்க முடியாதுன்னு வந்தா, அது பேர் மோதல், ஒரே பேர் ஃபைலாவும் ஃபோல்டராவும் இருக்க முடியாதுல்ல. சர்வர்ல பழைய பிராஞ்சை ஏற்கனவே தூக்கிருந்தா கிட் ரிமோட் ப்ரூன் ஆரிஜின் ஓட்டினா சரியாயிடும். இந்த ரெண்டுக்கும் ஃபைல் அழிக்கிறது மருந்தே இல்ல.

ரெண்டாவது: எந்த ஃபைல், எங்க இருக்கு

சப்மாட்யூல்ல (ஒரு ரெப்போவுக்குள்ள இருக்கிற இன்னொரு ரெப்போ) இருந்தா லாக் உங்க ஃபோல்டர்ல இருக்காது, மேல இருக்கிற ரெப்போவோட .கிட்/மாட்யூல்ஸ் கீழ இருக்கும். வொர்க்ட்ரீ (ஒரே ரெப்போவுக்கு இன்னொரு வேலை ஃபோல்டர்) யூஸ் பண்ணா .கிட்/வொர்க்ட்ரீஸ் கீழ. தேடி அலைய வேணாம், கிட் ரெவ்-பார்ஸ் --கிட்-பாத் இண்டெக்ஸ்.லாக்னு அடிங்க, சரியான இடத்தை அதுவே சொல்லும்.

எல்லா லாக்கையும் ஒரே தடவையில பாக்கணும்னா ஃபைண்ட் கமாண்டை .கிட் ஃபோல்டருக்குள்ள மட்டும் ஓட்டுங்க. ப்ராஜெக்ட் ஃபோல்டர்லேர்ந்து *.லாக்னு தேடினா யார்ன்.லாக், கார்கோ.லாக், கம்போசர்.லாக் எல்லாம் வந்து நிக்கும், அதெல்லாம் டிபெண்டன்சி வெர்ஷனைக் குறிச்சு வச்சிருக்கிற ஃபைல், இந்தப் பூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஃபைண்ட் கூட டெலீட்டையும் சேத்து ஓட்டினா அதுவும் சேந்து போயிடும். ரெஃப்ஸ் ஃபோல்டருக்குள்ள .லாக்னு முடியுறது எதுவா இருந்தாலும் அது நிஜ லாக்தான், ஏன்னா .லாக்னு முடியுற பிராஞ்ச் பேரை கிட் அனுமதிக்கவே அனுமதிக்காது.

நெக்ஸ்ட்-இண்டெக்ஸ்-னு ஆரம்பிச்சு நடுவுல ஒரு நம்பரோட லாக் இருந்தா ரொம்ப நல்லது. குறிப்பிட்ட ஃபைலை மட்டும் கமிட் பண்றப்ப வர்றது அது, அந்த நம்பர்தான் பிராசஸ் ஐடி, ஆளை நேரா போய்ப் பாத்துடலாம்.

மூணாவது: சொந்தக்காரரைக் கண்டுபிடிங்க

இந்தப் படில அவசரப்படாதீங்க, மத்த எல்லாத்தையும்விட இதுதான் முக்கியம்.

எல்எஸ்ஓஎஃப், ஃப்யூசர் ரெண்டும் அந்த ஃபைலை இப்போ யார் திறந்து வச்சிருக்காங்கன்னு மட்டும்தான் சொல்லும். கிட் என்ன பண்ணும்னா, லாக் ஃபைல்ல எழுதி முடிச்சதும் அதை மூடிடும், ஆனா ரீநேம் பண்ணாம லாக்கைக் கையிலயே வச்சிருக்கும், எடிட்டர் மூடுற வரைக்கும், ப்ரீ-கமிட் ஹுக் (கமிட்டுக்கு முன்னாடி தானா ஓடுற ஸ்க்ரிப்ட்) முடியுற வரைக்கும். கமிட் -ஏ போட்டா சரியா இதுதான் நடக்கும். அதனால எல்எஸ்ஓஎஃப் காலியா வந்தா லாக் செத்துடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. நான் ஏமாந்த இடம் அதுதான். ஃபைலோட வயசும் சாட்சி இல்ல, மதியம் திறந்த விம் சாயங்காலம் வரைக்கும் டிமக்ஸ்ல (லாகின் விட்டாலும் சாகாத டெர்மினல்) அப்படியே கிடக்கும்.

பாக்க வேண்டியது பிராசஸை. பிஎஸ் கமாண்ட்ல பிஐடி, யூசர், ஆரம்பிச்ச நேரம், முழு கமாண்ட் லைன் நாலையும் வர வச்சு அதுல கிட்னு தேடுங்க. ஒவ்வொரு கிட் பிராசஸும் எந்த ஃபோல்டர்ல நிக்குதுன்னு பாக்க பிடபிள்யூடிஎக்ஸ் கமாண்டுக்கு பிஐடியைக் கொடுங்க. மத்தவங்க பிராசஸ் எங்க நிக்குதுன்னு பாக்க சூடோ (அட்மின் உரிமை) வேணும், இல்லைன்னா பாதி தெரியாம விட்டுடுவீங்க. அப்புறம் பிராசஸ் ஆரம்பிச்ச நேரத்தையும் ஸ்டாட் கமாண்ட் காட்டுற லாக் ஃபைலோட நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒட்டி வந்தா அவர்தான் ஆள். லாக் ஃபைலைவிட பழசான கிட் பிராசஸ் அந்த ஃபோல்டர்ல ஒண்ணுகூட இல்லைன்னாதான் அது செத்த லாக்னு சொல்லலாம்.

எல்லாரும் ஒரே யூசர்ல லாகின் பண்ற சர்வர்னா ஓனர் பேரைப் பாத்துப் பிரயோஜனம் இல்ல. பிஎஸ்ட்ரீ போட்டு அந்த கிட் எந்த எஸ்எஸ்ஹெச் செஷன்லேர்ந்து வந்துச்சுன்னு மேல ஏறிப் பாருங்க, ஹூ கமாண்ட் எந்த ஐபின்னு காட்டும். முடிஞ்சா எழுந்து போய்க் கேட்டுடுங்க, டீம் சாட்ல "ஸ்டேஜிங்ல யாராச்சும் கமிட் பாதியில வச்சிருக்கீங்களா"ன்னு ஒரு வரி போட்டாலே பத்துல பாதிக்கு பதில் வந்துடும்.

ரெப்போ என்எஃப்எஸ்ல (நெட்வொர்க் வழியா பல மெஷின் பகிர்ந்துக்கிற டிஸ்க்) இருந்தா, நீங்க உக்காந்திருக்கிற மெஷின்ல பாத்தது மட்டும் பத்தாது. அதை மவுண்ட் பண்ணிருக்கிற எல்லா மெஷின்லயும் பாக்கணும், வேற மெஷின்ல ஓடுற கிட் உங்க பிஎஸ்ல வராது. கன்டெய்னரும் அப்படித்தான், ஒரு கன்டெய்னருக்குள்ள இருந்து பாத்தா பக்கத்து கன்டெய்னர்ல ஓடுறது தெரியாது, ஹோஸ்ட்லேர்ந்து பாருங்க.

ஐடிஇயையும் மறக்காதீங்க. எடிட்டர்ல கிட் எக்ஸ்டென்ஷன், டெர்மினல் ப்ராம்ப்ட்ல பிராஞ்ச் பேர் காட்டுற ஸ்க்ரிப்ட் இதெல்லாம் பின்னாடி கிட் ஸ்டேட்டஸ் ஓட்டிட்டே இருக்கும், ஸ்டேட்டஸும் இண்டெக்ஸை ரிஃப்ரெஷ் பண்ண ஒரு கணம் லாக் எடுக்கும். எரர் ஒரு தடவை வந்து, மறுபடி அடிச்சா போயிடுதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான். கிட்_ஆப்ஷனல்_லாக்ஸ்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் 2017-ல வந்த 2.15 வெர்ஷன்லேர்ந்து இருக்கு, ஸ்க்ரிப்ட்ல அதை 0-ன்னு வச்சுட்டா ஸ்டேட்டஸ் லாக் எடுக்காது.

நாலாவது: அழிக்காதீங்க, நகத்துங்க

செத்ததுன்னு உறுதி ஆயிடுச்சா, முதல்ல புதுசா யாரும் உள்ள வராம பாத்துக்கோங்க. க்ரான் ஜாப் (நேரம் குறிச்சு தானா ஓடுற வேலை), சிஐ எல்லாத்தையும் ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க. அப்புறம் ஆர்எம்-க்கு பதிலா எம்வி போட்டு லாக்கை .கிட்டுக்கு வெளியே, உங்க ஹோம் ஃபோல்டருக்கு, தேதியோட ஒரு பேர்ல நகத்தி வைங்க. யாரோ ஆட் பண்ணி வச்சது அதுக்குள்ள முழுசா எழுதி முடிச்ச நிலைமையில இருந்தா பிறகு பாக்கலாம், கிட்_இண்டெக்ஸ்_ஃபைல் வேரியபிளை அந்த ஃபைல் பக்கம் காட்டி கிட் டிஃப் --கேஷ்ட் போட்டா உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியும். ஜீரோ பைட் ஃபைலா இருந்தா உள்ள பாக்க ஒண்ணும் இல்ல.

ஒரு நேரத்துல ஒரு லாக். எரர்ல எந்த ஃபைல் பேர் வந்துச்சோ அது மட்டும்.

அஞ்சாவது: அடுத்த கமிட்டுக்கு முன்னாடி

நகத்தின கையோட கமிட் போட்டுடாதீங்க. கிட் ஸ்டேட்டஸ் பாருங்க, அதைவிட முக்கியம் கிட் டிஃப் --கேஷ்ட். நீங்க தொடாத ஃபைல் ஏதாவது ஸ்டேஜ் ஆகி (அதாவது இண்டெக்ஸ்ல சேந்து), கடைசி கமிட்டை அப்படியே தலைகீழா திருப்புற மாதிரி தெரிஞ்சா, இண்டெக்ஸ் பழசு, ஹெட் (கடைசி கமிட்) புதுசுன்னு அர்த்தம். எங்க சர்வர்ல நான் இதை ஒரே ஒரு தடவை பாத்திருந்தா அந்தப் பொண்ணு மாத்தினது காணாமப் போயிருக்காது. அப்படி இருந்தா ஆப்ஷன் எதுவும் இல்லாம வெறும் கிட் ரீசெட் போடுங்க, இண்டெக்ஸ் ஹெட்டோட ஒத்துப்போயிடும், டிஸ்க்ல இருக்கிற ஃபைலைத் தொடாது. ரீசெட் --ஹார்ட் போட்டுடாதீங்க, கிட் ஏற்கனவே கவனிக்கிற ஃபைல்கள்ல கமிட் ஆகாத மாற்றம் எல்லாத்தையும் அது கொண்டு போயிடும். ஏற்கனவே கமிட் விழுந்துடுச்சுன்னா, அவங்க கமிட் ஹாஷைக் கொடுத்து அந்த ஃபைல்களை மட்டும் கிட் செக்அவுட்ல எடுத்து புதுசா ஒரு கமிட் போடுங்க, நாங்க அப்படித்தான் ஏழு ஃபைலையும் மீட்டோம்.

இண்டெக்ஸே கெட்டுப்போயிருந்தா .கிட்/இண்டெக்ஸை நகத்தி வச்சுட்டு கிட் ரீசெட் போட்டா புதுசா கட்டிக்கும், ஸ்டேஜ் பண்ணதை மட்டும் மறுபடி பண்ணணும். கரண்ட் போய் மெஷின் விழுந்ததுன்னா கிட் எஃப்எஸ்சிகேயும் ஒரு தடவை ஓட்டிடுங்க, ஆப்ஜெக்ட் ஏதாவது பாதியில நின்னிருக்கலாம்.

எல்லாரும் புஷ் பண்ற பேர் ரெப்போன்னா

இங்க பேர்னா பெயர் இல்ல, வெறும்னு அர்த்தம், எடிட் பண்ற ஃபைல் இல்லாம ஹிஸ்டரி மட்டும் இருக்கிற ரெப்போ. அங்க இண்டெக்ஸ் கிடையாது, மாட்டுறது வேற லாக். பிராஞ்ச் பேரோட .லாக் ரெஃப்ஸ்/ஹெட்ஸ் கீழ மாட்டினா அந்த ஒரு பிராஞ்சுக்கு மட்டும் புஷ் போகாது. ரெஃப் லாக் எல்லாம் கண் இமைக்கிற நேரம்தான் இருக்கும், டீஃபால்ட்டா கிட் 100 மில்லிசெகண்ட் வரைக்கும் முயற்சி பண்ணும், பேக்ட்-ரெஃப்ஸுக்கு (பல ரெஃபை ஒரே ஃபைல்ல சேத்து வச்சது) 1 செகண்ட். அதனால ஒரு நிமிஷம் விட்டு அடிச்சும் அதே எரர்னா செத்த லாக்கா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அப்பவும் பிராசஸைப் பாத்துட்டுத்தான்.

பேக்ட்-ரெஃப்ஸ்.லாக் மாட்டினா அறிகுறி விசித்திரமா இருக்கும். சாதாரண புஷ் எல்லாம் போகும், பிராஞ்சை டெலீட் பண்ணா மட்டும் ஃபெயில் ஆகும், ஏன்னா டெலீட்டுக்குத்தான் அந்த ஃபைலை மாத்த வேண்டி வரும். பக்கத்துலயே பேக்ட்-ரெஃப்ஸ்.நியூ-ன்னு ஒண்ணு பாதியில கிடக்கான்னும் பாருங்க, கிட் முதல்ல அதுலதான் எழுதும், லாக்கை மட்டும் எடுத்துட்டு அதை விட்டா அடுத்த தடவை அதுல போய் முட்டும்.

கிட் தன் குப்பையைக் கூட்டுறப்ப (ஜிசி) வைக்கிற ஜிசி.பிஐடி வேற ரகம். அதுக்குள்ள பிஐடியும் ஹோஸ்ட் பேரும் எழுதிருக்கும், அதே மெஷின்ல அந்த பிராசஸ் உயிரோட இல்லைன்னாலோ ஃபைல் 12 மணி நேரத்துக்கு மேல பழசா இருந்தாலோ கிட் தானாவே அதை மதிக்காம ஓடிடும். அதனால நம்ம அதைத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. ஆனா ஆப்ஜெக்ட்ஸ் ஃபோல்டர்ல மெயின்டெனன்ஸ்.லாக்னு ஒண்ணு தங்கிப்போனா, யாருக்கும் எரர் வராது, மெயின்டெனன்ஸ் (ரெப்போவை அப்பப்ப ஒழுங்குபடுத்துற வேலை) சத்தமில்லாம ஓடாமலே போயிட்டு இருக்கும். ரெப்போ நாளுக்கு நாள் மெதுவாகுதுன்னா அங்க ஒரு எட்டு பாருங்க. 2024-ல வந்த 2.45 வெர்ஷன்லேர்ந்து ரெஃப்டேபிள்னு ஒரு முறை இருக்கு, அதுல பிராஞ்சுக்கு ஒரு லாக் இருக்காது, டேபிள்ஸ்.லிஸ்ட்.லாக்னு ஒண்ணு இருக்கும், அது மாட்டினா எல்லா பிராஞ்சும் சேந்து நிக்கும்.

கிட் இல்லாத இடங்கள்ல

சப்வெர்ஷன் (எஸ்விஎன்), சிவிஎஸ், மெர்க்கூரியல் மூணும் கிட் மாதிரியே வேற டூல்கள். சப்வெர்ஷன்ல வொர்க்கிங் காப்பி லாக் ஆயிடுச்சுன்னா எஸ்விஎன் க்ளீனப் ஓட்டுங்க, கையால எதையும் அழிக்காதீங்க, 1.7-லேர்ந்து எல்லாம் ஒரே எஸ்கியூலைட் டேட்டாபேஸ்ல இருக்கு. வேலையை விட்டுப் போனவர் எஸ்விஎன் லாக்னு வேணும்னே போட்டு வச்ச பூட்டுன்னா அது வேற விஷயம், சர்வர்ல எஸ்விஎன்அட்மின் எல்எஸ்லாக்ஸ்ல பேர் பாத்து, ஆர்எம்லாக்ஸ்ல எடுங்க.

சிவிஎஸ்ஸை இன்னும் வச்சிருக்கிற இடங்கள்ல, இன்னார் லாக்குக்காகக் காத்திருக்கேன்னு 30 செகண்டுக்கு ஒரு தடவை சொல்லிட்டே இருக்கும். அங்க ரெப்போ ஃபோல்டர்ல #சிவிஎஸ்.ஆர்எஃப்எல், #சிவிஎஸ்.டபிள்யூஎஃப்எல், #சிவிஎஸ்.லாக்னு ஆரம்பிக்கிறது இருக்கும், முதல் ரெண்டு வகைல ஹோஸ்ட் பேரும் பிஐடியும் பேர்லயே வந்துடும், அந்த ஹோஸ்ட்ல போய் பிராசஸ் இருக்கான்னு பாத்துட்டு எடுங்க. மெர்க்கூரியல் லாக்லயே ஹோஸ்ட்டும் பிஐடியும் எழுதிடும், அதே மெஷின்ல செத்த லாக்னா தானே உடைச்சுக்கும், வேற மெஷினோடதுன்னாதான் நம்ம வேலை.

திரும்ப வராம இருக்க

ஒரு ஒர்க்கிங் ஃபோல்டரை அஞ்சு பேர் பகிர்ந்துக்கிறதை நிறுத்துங்க. எங்க சர்வர்ல இப்போ ஆளுக்கு ஒரு க்ளோன், டெப்ளாய் ஃபோல்டர்ல யாரும் கமிட் போடக்கூடாது, புல் மட்டும்தான், அதையும் க்ரான்தான் பண்ணும். அந்த க்ரான் லைனை எஃப்லாக் கமாண்டுக்குள்ள வச்சிருக்கோம், முந்தின புல் முடியலைன்னா அடுத்தது தொடங்கவே தொடங்காது. பேர் ரெப்போ உருவாக்கும்போதே கிட் இனிட் --பேர் --ஷேர்ட்=குரூப்னு போட்டுடுங்க, ஏற்கனவே உருவாக்கிட்டீங்கன்னா கோர்.ஷேர்ட்ரெபாசிட்டரியை குரூப்னு வச்சு, ஃபோல்டருக்கெல்லாம் குரூப் எழுதுற அனுமதியும் செட்ஜிஐடியும் (உள்ள புதுசா வர்ற ஃபைலும் அதே குரூப்ல சேர வைக்கிற குறி) கொடுங்க, மேல சொன்ன பர்மிஷன் எரர் அதோட நிக்கும்.

அஞ்சு நிமிஷத்துக்கு மேல பழசான எல்லா லாக்கையும் அழிக்கிற க்ரான் ஸ்க்ரிப்ட் ஒண்ணு நிறைய சர்வர்ல ஓடிட்டு இருக்கு, உங்க சர்வர்ல இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க, விம் திறந்து வச்சுட்டு டீ குடிக்கப் போறவங்களுக்கு அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே இல்ல.

தொங்கிப்போன கிட்டை நிறுத்தணும்னா கில் -9 போடாதீங்க. சாதாரண கில் கொடுத்துட்டு பத்து செகண்ட் காத்திருங்க, அதுக்கப்புறம் எல்எஸ் போட்டுப் பாருங்க, பெரும்பாலும் பிராசஸ் போறப்பவே லாக் ஃபைலையும் எடுத்துட்டுப் போயிருக்கும்.